கேட்பாரற்ற சைக்கிளும் கேட்டு வந்த செல்லக்கனியும்

ஊருல எவன் எதைத் தொலைச்சாலும், எவங்கிட்ட எதைப் பிடுங்குனாலும், கடைசியில அது மேல ஒரு பூட்டைப் போட்டுட்டுச் சாவியோட உக்காந்திருக்க ஒருத்தன் வேணும்; எங்க ஊருல இருபத்திரெண்டு வருஷம் அது நாந்தான்.

தாமிரபரணிக் கரையில ஒரு ஊரு. பேரு வேண்டாம், பென்சன் வாங்குதவன். நகராட்சி கிட்டங்கியில, அதான் குடோன்ல, ஸ்டோர் கீப்பர். ரோட்டை அடைச்சு நின்ன வண்டி, அனுமதி இல்லாம வச்ச பேனரு, ஆபீசுலயே காலு ஒடிஞ்ச நாற்காலி, பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சு எல்லாம் எங்கிட்டதான் வந்து சேரும். ஆளு வந்து அபராதம் கட்டுனா திருப்பிக் குடுப்பேன். வராட்டா ஏலம். இவ்வளவுதான் வேலை.

கேக்க லேசாத்தான் இருக்கும். ரேசன் கடையிலயோ ஆஸ்பத்திரியிலயோ கோர்ட்டுலயோ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து, எதிர்ல நிக்குத மொகத்தைப் பாத்து "ரூல்ல எடம் இல்லம்மா"ன்னு சொல்லிப் பழகுனவங்களுக்குத் தெரியும், அது எம்புட்டு லேசுன்னு. உங்களுக்குத்தான் இதை எழுதுதேன். இதுல செல்லக்கனின்னு ஒருத்தி வருவா. அவ புருஷன் சைக்கிளு ஏலத்துல போயிரக் கூடாது, அது ஒண்ணுதான் அவளுக்கு வேண்டியிருந்துச்சு. அவளுக்கு முந்தி ரெண்டு பேரைச் சொல்லிருதேன், அப்பத்தான் எங்க கிட்டங்கி உங்களுக்குப் பிடிபடும்.

இஸ்திரி வண்டி

ஒருநா ஆக்கிரமிப்பு எடுக்கப் போன லாரி ஒரு இஸ்திரி வண்டியத் தூக்கிட்டு வந்துச்சு. பெட்டியில கங்கு இன்னும் அணையல. வண்டிக்கு அடியில இருபது மூட்டை துணி. நானும் வழக்கம் போல 'தள்ளுவண்டி – 1, துணி மூட்டை – 20'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். வண்டிக்காரரு அபராதத்துக்கு ரெண்டு நாளு ஆவும்னுட்டுப் போய்ட்டாரு. துணிக்காரங்க சும்மா இருப்பாங்களா? நாலு மணிக்கெல்லாம் கேட்டுல ஒரே கூட்டம். ஒருத்தரு லுங்கியும் பனியனுமா வந்து நிக்காரு. இருந்த நாலு சட்டையும் உள்ள இருக்காம். நான் என்ன செய்யட்டும்? மூட்டைன்னு எழுதியாச்சு. மூட்டையாத்தான் குடுக்கணும், அதுவும் வண்டிக்காரரு கையிலதான் குடுக்கணும்.

அந்தக் கூட்டத்துல ஒரு பெரியவரு. மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ரிட்டயரானவரு. மறுநா சர்ச்சுல மகளுக்குக் கல்யாணம், கட்டப் போற வேட்டி சட்டை உள்ள கெடக்கு. அவரை மட்டும் பைய உள்ள கூட்டிட்டுப் போயி, மூட்டைங்களுக்கு நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சுட்டு, பேனரை எண்ணுத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். அவரு வெளிய போகும்போது கக்கத்துல ஒரு பேப்பர் பொட்டலம். கேட்டுல நின்னு எங்கிட்ட சொன்னாரு:

"தம்பி, நீங்க ஒரு வண்டியப் பிடிச்சதா எழுதி வச்சிருக்கிய. எங்க தெருவையேல்லா உரிச்சுட்டு வந்திருக்கிய!"

சாளை

அழுகுத சாமான் ஏலத்துக்கு நிக்காது. அதுக்குத் தனி முறை. சுகாதாரத்துல இருந்து ஆளு வந்து பாத்து, பிளீச்சிங் பவுடரைத் தூவிக் குழியில போட்டு மூடணும். உவரியில இருந்து காலையில முதல் பஸ்ஸுல சாளை மீனு கொண்டு வந்து விக்குத அம்மா ஒருத்தியோட ரெண்டு அலுமினியச் சட்டி ஒருநா வந்து சேந்துச்சு. நடைபாதையில வச்சு வித்தாளாம். மீனுக்குக் கண்ணு இன்னும் தெளிவா இருந்துச்சு. சட்டிய வாங்கிக்கலாம், மீனைத் தர முடியாதுன்னோம். அவ சண்டை போடல, ஏசல. குழிக்குப் பக்கத்துல நின்னு பவுடரு விழுததைப் பாத்துக்கிட்டு இருந்தா. நாங்களும் அவ சீக்கிரம் போயிருவான்னு பாத்தோம், அவ போகல. மண்ணைத் தள்ளி மூடுன பெறவுதான் சட்டி ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சுத் தலையில தூக்குனா. என் மேசையில மத்தியானச் சாப்பாடு தூக்குச் சட்டியில அப்படியே இருந்துச்சு, இன்னும் தொறக்கல. அதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை கேட்டா, அவ்வளவுதான்:

"ஐயா, ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

முப்பது சைக்கிள்

பஸ் ஸ்டாண்டை இடிச்சுப் புதுசாக் கட்ட ஆரம்பிச்சாங்க. அங்க இருந்த சைக்கிள் ஸ்டாண்டுல யாரும் எடுக்க வராம நின்ன முப்பது சைக்கிளையும் லாரியில அள்ளிப் போட்டு எங்கிட்ட அனுப்பிட்டாங்க. அனுப்பும்போதே லிஸ்டும் கையோட வந்துட்டுது: 'சைக்கிள் – 30 – பழையது – கேட்பாரற்றது.' நான் உள்ள வாங்கி நிறுத்துனேன்.

பத்து நாளு கழிச்சு ஒரு சனிக்கிழமை செல்லக்கனி வந்தா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு ஆஸ்டல்ல இட்லி ஊத்துத வேலை, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல லீவு. புருஷன் தங்கராசு பெயிண்டர். ஒரு வருஷத்துக்கு முந்தி கேரளாவுல ஒரு வேலை இருக்குன்னு, சைக்கிளை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் பஸ் ஏறுனவரு. நாலு நாளு போன் பேசியிருக்காரு. அப்புறம் போனும் இல்ல, ஆளும் இல்ல. போலீசுல எழுதிக் குடுத்தா. திருவனந்தபுரம் வரைக்கும் போயிப் போட்டோவைக் காட்டிக் காட்டித் தேடுனா. ஒரு துப்பும் கெடைக்கல.

முப்பது சைக்கிள்ல அவ தேடவே இல்ல. நேராப் போயி ஒண்ணுக்கிட்ட நின்னா. பெயிண்டர் சைக்கிளுல்லா, உடம்பெல்லாம் பெயிண்டுச் சொட்டு. ஒவ்வொண்ணா விரலை வச்சுச் சொல்லுதா: "இந்த நீலம் நாங்குநேரியில ஒரு டாக்டரு வீடு. இந்த மஞ்ச களக்காட்டுல ரைஸ்மில்லு. இந்த ரோசு எங்க வீட்டுக்கு அடிச்சது, எங்கயோ மிஞ்சுனதைக் கொண்டாந்து." பின் சக்கரத்துப் பூட்டு பூட்டுனபடியே இருந்துச்சு. சாவி தங்கராசுகிட்ட. எடுத்துட்டுப் போறதுக்கா வந்தேன்னு கேட்டேன். அவ கேட்டது வேற:

"அண்ணாச்சி, இது இங்கன எம்புட்டு நாளைக்கு நிக்கும்?"

ஒரு வரி

ஆறு மாசத்துல ஏலம் வரும், வந்தாப் போயிரும்னு சொன்னேன். கையில இருந்த பையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டா. கிட்டங்கிக்கு வாரவன் சாமானை வெளிய எடுக்கத்தான் வருவான், அப்படியே பழகிப் போன புத்தி எனக்கு. அவளைக் கூட்டிட்டுப் போயி எங்க ஆபீசு சூப்பிரண்டு முன்னாடி நிறுத்துனேன். அவரு கெட்டவரு இல்ல, ரூல் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாப் பாத்தாரு. சொந்தக்காரரு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லாட்டி வாரிசு சர்டிபிகேட் வேணும். வாரிசுன்னா, ஆளு செத்திருக்கணும். காணாமப் போன ஆளுன்னா ஏழு வருஷம் போயி, கோர்ட்டுல ஏறி, செத்ததா எழுதி வாங்கணும்.

"ஏழு வருஷம் ஏலம் பொறுக்காதும்மா"ன்னாரு சூப்பிரண்டு. கொஞ்சம் யோசிச்சுட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவ பக்கம் நகட்டுனாரு. "ஒண்ணு செய்யி. 'என் கணவர் இறந்திருக்கலாம் என்று நம்புகிறேன்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அதை வச்சு நான் மேல எழுதிப் பாக்கேன்." நல்ல மனசோடதான் சொன்னாரு, அதுல சந்தேகம் இல்ல. செல்லக்கனி பேனாவை எடுத்தா. மூடியத் தொறந்தா. திரும்ப மூடித் தாள் மேல வச்சுட்டா.

"ஒரு சைக்கிளுக்காவ அவியளை நானே கொல்லணுமா சார்?"

ஏலம்

எங்க ஏலத்தை நீங்க பாத்திருக்க மாட்டிய. கிட்டங்கி வாசல்ல ஒரு மேசை, சூப்பிரண்டு, எதிர்ல பழைய சாமான் கடைக்காரங்க பத்துப் பேரு. வருஷக்கணக்கா அதே பத்துப் பேருதான், லைசன்சு இல்லாத வெளி ஆளு கேக்க முடியாது. அதுல பெரிய கை மைதீன் பாய், மேலப்பாளையத்துக்காரரு. அவரு தலையாட்டுனா மத்தவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. எந்தச் சாமானை யாரும் கேக்கலயோ அது அடுத்த ஏலத்துக்குப் போவும். அதுதான் முறை. அந்த முறையத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்.

முதல் ஏலத்துக்கு முந்தின நாளு தங்கராசு சைக்கிளோட முன் சக்கரத்தைக் கழட்டிப் பரண்ல பேனருக்குப் பின்னாடி வச்சேன். இருபத்தொம்போது சைக்கிளு போச்சு, இது நின்னுட்டுது. அந்தச் சனிக்கிழமை செல்லக்கனி வந்து பாத்துட்டு, "ஐயோ, சக்கரம் எங்க அண்ணாச்சி?"ன்னு பதறிட்டா. பரணைக் காட்டுனேன். காட்டுனதும் சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தது அதான் முதல் தடவை. ரெண்டாவது ஏலத்துக்குச் சீட்டு. மூணாவது ஏலத்துக்குச் செயினையும் ஒரு பெடலையும் எடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவ வருவா, சேலைத் தலைப்பால அந்தப் பெயிண்டுச் சொட்டுப் போகாம பைய தூசியத் தொடைப்பா, போயிருவா. மூணாவது ஏலம் முடிஞ்சு சாமான் ஏத்தும்போது மைதீன் பாய் சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு எங்கிட்ட கேட்டாரு:

"ஓய், ஏலத்துக்கு ஏலம் இதுக்கு ஒரு உறுப்பு கொறையுதே, அப்படி என்ன வே சீக்கு இதுக்கு?"

எடைக்கு

அடுத்த வருஷம் மேல இருந்து ஒரு உத்தரவு. எத்தனை தடவை ஏலம் போட்டும் போகாத சாமான் எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி, பழைய இரும்பு எடைக்குத் தள்ளிரணும், கிட்டங்கி காலியா இருக்கணும். இதுல சக்கரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இரும்புக்கு எல்லாம் ஒண்ணுதான். சூப்பிரண்டே நேர்ல வந்து நின்னு பரண்ல இருந்ததையும் எறக்கச் சொன்னாரு. சக்கரம், சீட்டு, செயின், பெடல் எல்லாம் அவரு காலடியில வரிசையா வந்து விழுந்துச்சு. ஒவ்வொண்ணையும் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. ரெண்டு ஏசு ஏசியிருந்தா எனக்கும் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். வேலை பாக்கவங்க ஏலம் எடுக்கக் கூடாது, அவங்க சொந்தபந்தமும் எடுக்கக் கூடாது. அதனால அந்த வழியும் எனக்கு இல்ல.

சனிக்கிழமை செல்லக்கனிகிட்ட சொன்னேன். அழுவான்னு நெனைச்சேன். அவ சைக்கிளுக்குப் பக்கத்துல தரையில உக்காந்தவ, நான் பூட்டுத வரைக்கும் எந்திரிக்கல. திங்கக்கிழமை மைதீன் பாய் கடைக்குப் போனேன். ஒளிவுமறைவு இல்லாம எல்லாத்தையும் சொல்லி, அந்த இரும்புக் கட்டு மொத்தத்தையும் நீங்க எடுத்தா அந்தச் சைக்கிளை மட்டும் அவகிட்ட குடுத்துரணும்னு கேட்டேன்.

பாய் டீயக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு, "ஆளு ஹயாத்தா இருக்காரா, மவுத்தா?"

"உசுரோட இருக்காரா செத்துட்டாரான்னு தெரியாமத்தானே பாய் அவ இந்தப் பாடு படுதா. யாருக்கும் தெரியாது."

"தெரியாத வரைக்கும் ஹயாத்துதான் வே. போயி வேலையப் பாரும்."

டெம்போவுல போனது

பாய் சொன்னபடி செஞ்சாரு. இரும்புக் கட்டு மொத்தத்தையும் எடுத்தாரு. சைக்கிளுக்குச் சக்கரம், செயின், சீட்டு எல்லாம் அவரு பட்டறையிலயே மாட்டி, எண்ணெயும் போட்டு, பின் பூட்டை மட்டும் தொடாம, சனிக்கிழமை காலையில டெம்போவுல ஏத்தி என்னையும் கூட்டிக்கிட்டு ஆஸ்டல் வாசலுக்கு வந்தாரு. செல்லக்கனி கையில மாவோட ஓடி வந்தா. சைக்கிளை எறக்கி அவ முன்னாடி நிறுத்துனோம். என் சர்வீசுலயே நான் இம்புட்டுப் பெருமையா நின்னது கெடையாது.

அவ ஹேண்டில் பாரைத் தொட்டா. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பாத்தா. "இதை ஏன் அண்ணாச்சி எங்கிட்ட கொண்டாந்திய?"

"ஒன் புருஷன் சைக்கிளும்மா. இனிம எவனும் கேக்க மாட்டான். ஒங்கிட்டயே வச்சுக்கோ."

"எங்கிட்ட இருந்தா அவியளுக்கு எப்படித் தெரியும்? அவிய விட்டது பஸ் ஸ்டாண்டுல. பஸ்ஸை விட்டு எறங்குனதும் அங்கனதானே பாப்பாவ? அங்க இல்லேன்னா யாராவது கிட்டங்கியக் கை காட்டுவாவ. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு இந்த ஆஸ்டல்லயே வேலைக்கு வந்து நான் தங்குனது அவிய போன பெறவு. இது அவியளுக்குத் தெரியவே தெரியாதே அண்ணாச்சி."

இத்தனை வருஷமா அவ கேட்டது ஒண்ணுதான்: எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு. எடுத்துட்டுப் போறேன்னு ஒருநாளும் சொல்லல. நாந்தான் வெளிய எடுக்கதிலயே குறியா இருந்திருக்கேன். பாய் பெருமூச்சு விட்டுட்டு, "ஏத்தும் வே"ன்னாரு. அவளும் ஏறிக்கிட்டா. புது பஸ் ஸ்டாண்டுல பழைய சைக்கிள் ஸ்டாண்டு வாசல் இருந்த எடம் எதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல, அவளுக்குத் தெரிஞ்சுது. ஒரு தூணு ஓரமா நிறுத்துனா. அங்கன வாழைப்பழம் விக்குத அம்மாகிட்டப் போயி, ஒல்லியா ஒரு ஆளு, இடது கையில ரெண்டு விரலு கொஞ்சம் மடங்கி இருக்கும், இந்தச் சைக்கிளைத் தேடி வருவாவ, வந்தா ஆஸ்டலுக்கு வரச் சொல்லுங்கன்னு நிதானமாச் சொன்னா. பழக்காரம்மா எல்லாத்தையும் கவனமாக் கேட்டுட்டு, தலையாட்டிட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டா:

"சரி தாயி, எத்தனை மணி பஸ்ஸுக்கு வாராவ?"

வெளியூர்

இருபது நாளு கூட ஆவல. காலையில கேட்டைத் தொறக்கேன், எங்க லாரி உள்ள வருது, மேல அந்தச் சைக்கிளு நிக்கி. பஸ் ஸ்டாண்டுக்குள்ள அனுமதி இல்லாம வாகனம் நிறுத்துனதாம். டிரைவரு எறக்கி வச்சுட்டு, "எங்கயோ பாத்த மாதிரி இருக்கு அண்ணாச்சி"ன்னான். "அப்படித்தான் இருக்கும், போ லே"ன்னேன்.

எனக்கு அப்ப வேலையில இன்னும் ஒரு மாசம்தான் பாக்கி. ரிஜிஸ்தரைத் தொறந்தேன். போன தடவை முப்பது சைக்கிளும் மொத்தமா வந்துச்சு, லிஸ்டுலயே 'கேட்பாரற்றது'ன்னு எவனோ எழுதி அனுப்பிட்டான். இந்தத் தடவை ஒத்தைச் சைக்கிளு, எழுத வேண்டியவன் நான். எங்க முறையில இன்னொண்ணு உண்டு: சொந்தக்காரரு பேரு எழுதியிருந்தா அவரு கையில நோட்டீசைக் குடுத்துக் கையெழுத்து வாங்காம அந்தச் சாமானை ஏலம் விடவும் கூடாது, எடைக்குப் போடவும் கூடாது. இருபத்திரெண்டு வருஷமா தினம் பாக்குத புத்தகம்தான். அன்னைக்குத்தான் அந்தக் கட்டத்தை நிதானமாப் பாத்தேன். 'உரிமையாளர்: தங்கராசு, பெயிண்டர்.' பக்கத்துக் கட்டத்துல, 'வெளியூர் சென்றுள்ளார்.'

சூப்பிரண்டு கையெழுத்துப் போட வந்தாரு. அந்த வரியில விரலை வச்சாரு. "எப்ப வருவாராம் வே?"

"நோட்டீசு கொண்டு போறவன் கேட்டுட்டு வந்து சொல்லட்டும் சார்."

சைக்கிளைத் திரும்பிப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

சனிக்கிழமை செல்லக்கனிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கூரைக்குக் கீழ, பூட்டுக்குள்ள, இனிம யாரும் தொட முடியாது. அவ சைக்கிளைக் கேட்டுல இருந்து பாத்தா தெரியுத மாதிரி கொஞ்சம் திருப்பி நிறுத்திக்கிட்டா. அடுத்த மாசத்தோட நான் போறேன், வேற ஆளு வருவாருன்னும் சொன்னேன். கேட்டு வரைக்கும் போனவ திரும்பி வந்தா.

"புதுசா வாரவருகிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி. அவிய கொஞ்சம் கூச்சப்படுத ஆளு, ரெண்டு தடவை கேட்டாத்தான் பேரு சொல்லுவாவ."

இருபத்திரெண்டு வருஷத்துல அந்த ரிஜிஸ்தர்ல நான் தெரிஞ்சு எழுதுன பொய் அந்த 'வெளியூர்' ஒண்ணுதான், அதையும் பொய்யின்னு இன்னி வரைக்கும் எவனும் நிரூபிக்கல.